கணுக்கால் உறை

துப்பாக்கியை ஒளித்து வைக்க என் உடம்பில் இடமே இல்லை என்று முதலில் சொன்னவன் என் தம்பி வெண்டல்தான். அவன் வேலை செய்கிற கடையில் ஒரு பக்கம் கோழித் தீவன மூட்டைகள், மறுபக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும். சாவி அவனிடம் இருந்தது. சர்ச் முடிந்ததும் என்னைக் கூட்டிப்போய்த் தீவன மூட்டைகளுக்கு நடுவில் நிறுத்தி, தையல்காரன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தான்.

"போலீஸ்காரன் வந்தா இடுப்புல மாட்டி அனுப்பிடுவேன். வக்கீல் வந்தா கோட்டுக்குள்ள. நீ நாள் முழுக்கக் கையத் தூக்கிக்கிட்டே நிக்கற. தூக்கினா சட்டை முன்னாடி ஏறுது, குனிஞ்சா பின்னாடி ஏறுது. உனக்கு நான் எங்கக்கா வைக்கறது?"

"முடி வெட்டறவ கையத் தொங்கப் போட்டுக்கிட்டா வெட்டுவா?"

"அதான் சொல்றேன், நீ பாதிரியாரம்மாவா ஆயிருக்கணும். அந்த அங்கிக்குள்ள பீரங்கியே வைக்கலாம்."

நான் மார்வாவின் அழகு நிலையத்தில் இரண்டாவது நாற்காலிக்காரி. எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் தலை என் கைக்குள் வந்துபோனதுதான். துப்பாக்கி எங்களுக்குப் புதுசில்லை. இங்கே சர்ச்சில் காணிக்கைத் தட்டைப் பிடிக்கிறவன் இடுப்பிலும் ஒன்று இருக்கும். ஆனால் எனக்கு வேண்டியது வேறு. என் முன்னாள் கணவன் கார்லண்டுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததே கார்லண்ட்தான். வலது இடுப்பில் மாட்டுகிற தோல் உறையை வாங்கித் தந்தவனும் அவன்தான். விவாகரத்துக்குப் பிறகு, என் பக்கமே வரக்கூடாது என்று நீதிபதி போட்ட தடை போன வசந்தத்தோடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் வண்டி எங்கள் கடைக்கு எதிரே பெட்ரோல் பங்க்கில் வந்து நிற்கும். ஒன்றும் செய்ய மாட்டான். காபி குடிப்பான், என்னைப் பார்ப்பான், போவான். ஷெரீஃப் ஆபீசில் கேட்டால், காபி குடிப்பது குற்றமில்லையே அம்மா என்கிறார்கள். அவன் கைக்கு முன்னால் என் கை ஒரு கை இல்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாத வரைக்கும்தான் அது என் துப்பாக்கி. தெரிந்துவிட்டால் அது அவன் துப்பாக்கி.

ஆக, அலசினோம். கைப்பை கூடாது, சண்டை என்றால் கார்லண்ட் முதலில் பிடுங்குவதே கைப்பையைத்தான். கணுக்கால் வேண்டாம் என்று நானே சொன்னேன். மத்தியானத்துக்குள் என் கால் வீங்கிப்போகும், அதில் இன்னொன்றைக் கட்டினால் நொண்டத்தான் வேண்டும். உள்பாடியின் நடுவில் தொங்கவிடுகிற உறை ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வெண்டல் முகம் சிவந்து, மாடு நக்குகிற உப்புக்கட்டி அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீயே மாட்டிப் பாருக்கா. நான் இந்த உப்பையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

மாட்டிக் குனிந்து பார்த்தேன். வாராவாரம் தலை அலச வருகிற மிஸ் ஓமாதான் ஞாபகத்துக்கு வந்தார். "டேய், ஷாம்பூ போடறப்ப மிஸ் ஓமா மூக்குல போய் இடிக்கும்டா இது."

"இடிச்சா அவங்க எழுந்து உக்காந்து டிப்ஸ் குடுப்பாங்க. எப்பவும் தூங்கிடறாங்கல்ல?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கடைசியில் வயிற்றுப் பட்டையை எடுத்தான். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைக் கட்டுவார்களே, அந்த மாதிரி அகலமான எலாஸ்டிக் பட்டை. சட்டைக்குள்ளே வெறும் உடம்பில் சுற்றிக்கொள்ள வேண்டும். அதில் விசையை மூடுகிற கெட்டியான ஒரு பை. உள்ளே என் சின்னத் துப்பாக்கி, இடது விலாவுக்குக் கீழே படுத்துக்கொண்டது. ஷாம்பூ தொட்டியில் வாடிக்கையாளர் தலை என் வலது பக்கம்தான் சாயும், அதனால் இடது. அந்த யோசனை வெண்டலுடையது. கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை.

கட்டிப்பிடித்தும் சோதித்தான். எங்கள் ஊரில் கட்டிப்பிடிக்காமல் எவரும் குசலம் விசாரிக்க மாட்டார்கள். சர்ச் மூப்பர் மாதிரி முதுகில் தட்டிக் கட்டிப்பிடித்தான். எங்கள் பெரியம்மா மாதிரி குலுக்கிக் குலுக்கிக் கட்டிப்பிடித்தான்.

"இருக்கற எடம் தெரிஞ்ச எனக்கே தட்டுப்படல. வேற எவனுக்கும் தெரியாது. எடுக்கறதுதான் கொஞ்சம் மெதுவு. ஒரு கையால சட்டையத் தூக்கணும், மறு கையால உருவணும்."

"பரவால்ல. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான்டா."

"என்னக்கா, நான் என்ன பச்சப்புள்ளையா?"

அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன் தெரியுமா? அம்மா போனபின் நான் வளர்த்த பிள்ளை அவன். இப்போது என்னைக் காக்கிற அளவுக்கு வளர்ந்து நிற்கிறான் என்று எனக்குள் அவ்வளவு பெருமை. கடையில் மார்வாதான் ஒரு வாரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டி விறைச்சுக்கிட்டே நடக்கற? புதுப் பொண்ணா நீ?" என்றாள். முதுகுவலி என்றேன். ஆகஸ்ட் வெயிலில் பட்டைக்குக் கீழே வேர்க்குரு பொரிந்தது. சொறிந்துகொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு கார்லண்ட் சர்ச்சுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பாவத்தை விட்டுத் திரும்பினேன் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லுங்கள் என்று பாஸ்டர் சொன்னதும் நேராக என்னிடம் வந்தான். இருநூறு கண்கள் பார்க்கின்றன. கட்டிப்பிடிக்காதே என்று எப்படிச் சொல்வேன்?

"ட்ரெஸ்ஸா, கர்த்தர் உனக்குச் சமாதானம் தரட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு அணைத்தான். அவன் இடது கை என் முதுகில் இருந்தது. வலது கை நடுவில் எங்கேயும் தடவவில்லை, தேடவில்லை. நேராக என் இடது விலாவுக்குக் கீழே வந்து, கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு விரலால் இரண்டு தட்டு தட்டியது.

"நல்ல எடம்தான்" என்றான் என் காதுக்குள். "ஆனா சட்டையத் தூக்க ஒரு கை, உருவ ஒரு கை வேணுமே. உனக்கு எப்படி இருக்கும் ரெண்டு கை?"

என் இடது மணிக்கட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லா அடியும் அவன் அந்த மணிக்கட்டைப் பிடிப்பதில்தான் தொடங்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வெண்டலிடம்கூட. வெட்கம். ஆனால் அந்த நேரத்தில் கார்லண்டைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. மூன்று வரிசை தள்ளி நின்ற என் தம்பி, நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்து ஈ என்று சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

மறுநாள் தீவனக் கடைக்குப் போனேன். வெண்டல் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தான்.

"மச்சானப் பாத்தியாக்கா? எப்படி மாறிட்டார் பாரு!"

மச்சானாம்! கையெழுத்துப் போட்டு, கோர்ட் முத்திரை குத்தி, நான் என் அப்பா பேருக்கே திரும்பிவிட்டேன். இவனுக்கு மட்டும் அவன் இன்னும் மச்சான்.

"என்னடா சொன்ன அவன்கிட்ட?"

"எதப் பத்தி?"

"மூட்டைய எறக்கு. எறக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

இறக்கினான். மறைக்கக்கூட இல்லை, பாவி. "மான் வேட்டைக்கு மேடை கட்டப் போனோம்ல, அப்ப பேசினோம். அவர் அழுதார்க்கா. நான் சொன்னேன், அக்காகிட்ட வம்பு வச்சுக்காதீங்க, அவ வெறுங்கையோட இல்லன்னு. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். தெரிஞ்சா கிட்ட வர மாட்டார்ல?"

"வெறுங்கையோட இல்லன்னு மட்டுமா சொன்ன? விலாவுல இருக்குன்னு சொன்னியா?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "அவர்தான் கேட்டார், பழைய தோல் உறையிலயான்னு. அதெல்லாம் பழசு, நான் அவளுக்கு வேற ஒண்ணு பண்ணிக் குடுத்திருக்கேன், ஷெரீஃபே தடவிப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாதுன்னு..."

"எப்படி உருவணும்னும் காட்டுனியா?"

"என் சட்டையத் தூக்கிச் சும்மா ஒரு தடவ..."

"நாய் இருக்குன்னு போர்டு மாட்டறது வேற, நாய எங்க கட்டியிருக்கு, சங்கிலி எவ்வளவு நீளம்னு சொல்றது வேறடா!" என்று கத்தினேன். கோழிக் கூண்டு பார்க்க வந்த ஒரு கிழவர் மெதுவாக வெளியே போனார்.

"கத்தாதக்கா. தப்புதான். வாய் தவறிடுச்சு."

"நீ எனக்குத் தம்பியா, அவனுக்கு மச்சானா?"

"ரெண்டும்தான்" என்றான். நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தான். "எதுக்கு ஒண்ண விடணும்?"

என்னை வெறுத்துக் காட்டிக்கொடுத்திருந்தால் அவன் தலையில் அந்த மூட்டையைக் கவிழ்த்துவிட்டு வந்திருப்பேன். இவன் என்மேல் பாசமாகவே இருக்கிறான். பாசத்தோடேயே என்னைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து நான் சுடுகிற பிஸ்கெட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிடுவான். நெஞ்சு அப்படி எரிந்தது எனக்கு.

அந்த எரிச்சலில்தான் பொய் வந்தது. "சரி, விடு. அந்தப் பட்டை இனிமே ஆகாது. கணுக்கால்ல கட்டிக்கப் போறேன். இடது கால்ல. இதையாவது உன் வாய்க்குள்ள வச்சுக்குவியா?"

"அம்மா மேல சத்தியமா."

உடனே ஓடிப்போய் ஒரு கணுக்கால் உறையைக் கொண்டுவந்தான். தரையில் உட்கார்ந்து, என் காலைத் தன் தொடைமேல் வைத்து, வீங்கின இடத்தில் அழுத்தாமல் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டான். "நின்னுக்கிட்டே எடுக்க முடியாதுக்கா. ஒரு முட்டி போட்டாத்தான் வரும். மறந்துடாத" என்றான். சின்ன வயசில் அவனுக்கு நான் பூட்ஸ் கயிறு கட்டிவிட்ட அதே அக்கறை அவன் விரலில் இருந்தது. அழுதுவிடக்கூடாது என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனைச் சோதிக்கத்தான் பொய் சொன்னேன், ஒளிப்பானேன்? ஆனால் அவன் தேறிவிட வேண்டும் என்றுதான் ராத்திரி ராத்திரி ஜெபம் பண்ணினேன்.

இந்த முறை இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். டல்சா நகரத்துக்கு வண்டி ஓட்டிப்போய், என்னைத் தெரியாத கடையில் தேடினேன். அங்கே இருந்த பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "என் இடது கை என்கிட்ட இருக்காதுன்னு வச்சுக்கம்மா. ஒரு கையால எடுக்கணும்." அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு துணிப் பையைக் கொண்டுவந்தாள்.

கால்சட்டைக்கு உள்ளே, தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றோடு படிந்து கிடக்கிற பை அது. துணிதான், ஆனால் விசை இருக்கிற இடத்தில் மட்டும் கெட்டித் தகடு. கட்டிப்பிடிக்கிற எவர் கையும் அங்கே போகாது. தட்டிப் பார்க்கிற எவனும் சர்ச்சில் அங்கே தட்ட முடியாது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கறுப்புக் கால்சட்டை, மேலே நீளச் சட்டை. சட்டை ஓரத்தைக் கட்டைவிரலால் ஒதுக்கினால் மற்ற விரல்கள் உள்ளே போய்விடும். முதலில் வரவே வரவில்லை. சட்டை சிக்கும், எலாஸ்டிக் சிக்கும். குண்டையெல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, இடது கையைப் பிரிட்ஜ் கைப்பிடியில் துண்டால் கட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப உருவிப் பழகினேன். பிரிட்ஜ் கதவு திறந்து திறந்து பால் கெட்டுப்போனதுதான் மிச்சம். கடைசியில் கை படிந்தது.

வெண்டல் கட்டிவிட்ட உறையையும் கழற்றவில்லை. அதற்குள் முடி சுருட்டுகிற இளஞ்சிவப்பு உருளைகளைத் திணித்து, புடைப்பாகத் தெரிகிற மாதிரி தினமும் கட்டிக்கொண்டேன். வெண்டல் ஒரு தரம் கடைக்கு வந்து என் காலைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனான்.

அக்டோபரில் ஒரு மத்தியானம், மார்வா பர்கர் வாங்கப் போயிருந்தாள். மிஸ் ஓமா தலையில் உருளையோடு முடி உலர்த்தும் மெஷினுக்குக் கீழே வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அது ஓடுகிற இரைச்சலில் கதவு மணி எனக்குக் கேட்கவில்லை. திரும்பினால் கார்லண்ட். கதவில் தொங்குகிற பலகையை 'மூடியுள்ளது' பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

"முடி வெட்டிக்கலாம்னு வந்தேன்."

"வேற கடைக்குப் போ."

"சரி, வெட்ட வேணாம். வண்டி வெளிய நிக்குது. வா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"எனக்கு உன்கூட வீடு கிடையாது கார்லண்ட்."

இடது மணிக்கட்டைப் பிடித்தான். எனக்குத் தெரியும் பிடிப்பான் என்று. என் எலும்புக்கே தெரியும். அப்போதுகூட நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்தேன். என் விலாவுக்குப் போகட்டும் என்று வேண்டினேன். ஆண்டவரே, இவனுக்குப் பழைய சேதி மட்டும் தெரிந்திருக்கட்டும், என் தம்பி சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கட்டும். அந்த நேரத்தில் என் உயிரைக்கூட நான் கேட்கவில்லை.

அவன் கீழே பார்த்தான். பெரிய பூட்ஸைத் தூக்கி என் இடது கணுக்காலின்மேல் வைத்து அழுத்தினான். உள்ளே இருந்த உருளைகள் நொறுங்கின.

"இப்ப போடு பாப்போம் முட்டி" என்றான் சிரித்துக்கொண்டே. "ஒரு முட்டி போட்டாத்தானே வரும்?"

அச்சு அசல் வெண்டலின் வார்த்தை. காலில் வலி உயிர் போகிறது, எனக்கு அது வலியாகவே தெரியவில்லை. அடப்பாவி வெண்டல், இதையுமா? அம்மா மேல் சத்தியம் பண்ணின வாயாலேயா?

கார்லண்ட் நிதானமாக நின்றான். பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடித்துவிட்டோம் என்கிற நிதானம். என் வலது கை சும்மா தொங்கியது, அதை அவன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கட்டைவிரல் சட்டையை ஒதுக்கியது. துப்பாக்கி வெளியே வந்து அவன் பெல்ட்டுக்கு மேலே முட்டி நின்றபோதுதான் குனிந்து பார்த்தான்.

"கால்லன்னுல்ல சொன்னான்!" என்றான்.

பயத்துக்கு முன்னால் அவன் முகத்தில் வந்தது ஏமாற்றம்தான். ஒரு நொடி நாங்கள் இரண்டு பேருமே வெண்டலை நம்பி ஏமாந்த இரண்டு பேராக அங்கே நின்றோம். சிரிப்புக்கூட வந்திருக்கும், வேறு யாருக்காவது நடந்திருந்தால்.

"கைய விடு. காலை எடு. கதவு வரைக்கும் பின்னாடியே நட" என்றேன். விட்டான். நடந்தான். கதவைத் திறந்தால் மார்வா, கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பையோடு. அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தவள் வாயில் வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிய கார்லண்டைச் சுங்கச் சாலையில் ஏறுவதற்குள் ஷெரீஃபின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். இந்தத் தடவை காபி குடித்தான் என்று யாரும் சொல்லவில்லை.

ஷெரீஃபின் ஆள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துப் போனபின் வெண்டல் ஓடிவந்தான். தீவனத் தூசியோடு, மூச்சு வாங்க. என்னைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் செத்தே போயிருப்பேன்க்கா. கால்லேர்ந்து எப்படிக்கா எடுத்த? அந்தாளு விட்டானா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்கால்வரை தூக்கினேன். கணுக்கால் கறுத்து வீங்கியிருந்தது. அவன் பஞ்சு வைத்துக் கட்டின உறையிலிருந்து உடைந்த இளஞ்சிவப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன. வெண்டல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"மான் மேடையில உக்காந்து சும்மா பேசிக்கிட்டிருந்தோம். நீ பத்திரமா இருக்கியான்னு அவரேதான் கேட்டார். நான்..."

"தெரியும்டா."

மிஸ் ஓமா தூக்கத்தில் ஒரு முறை குறட்டை விட்டுத் திரும்பிக்கொண்டார். வெண்டல் கீழே உட்கார்ந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அப்ப நிஜமா எங்கதான்க்கா வச்சிருக்க?" என்றான். சத்தியமாக அக்கறையாகத்தான் கேட்டான்.

"உனக்குத் தெரியாத எடத்துல" என்றேன்.